தானா நடக்குதுங்க தல!

கேம்ல ஹீரோ சும்மா நிக்கணும். ஆனா அவர் பாட்டுக்கு சுவத்தைப் பார்த்து நடந்துக்கிட்டே இருக்காரா? பேயெல்லாம் இல்லீங்க. உங்க கன்ட்ரோலருக்கு 'ட்ரிஃப்ட்' வந்துடுச்சு. ரூம்மேட்ஸ் நாலு பேர் காசு போட்டு வாங்கினதுன்னா வலி இன்னும் ஜாஸ்தி!

மேட்டர் இதுதான். கட்டைவிரல் வைக்கிற குச்சிக்கு அடியில இருக்கறது பொட்டன்ஷியோமீட்டர். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல திருகினோமே, அதேதான். கார்பன் தடத்து மேல ஒரு குட்டி உலோகக் கை உரசிக்கிட்டே நகரும். அது நிக்கிற இடத்துக்கு ஏத்த வோல்டேஜ் போகும். உரச உரச தடம் தேயும். அப்புறம் குச்சியை விட்டாலும் 'நடு'ங்கிற வோல்டேஜ் வராது. பழைய ரேடியோவுல வால்யூம் குமிழைத் திருகினா கரகரங்குமே, அதே வியாதி!

பிளேஸ்டேஷன் 5-ஓட டூயல்சென்ஸ் 2020-ல வந்துச்சு. அதுக்குள்ள இருக்கற பொட்டன்ஷியோமீட்டரோட ஆயுள் 20 லட்சம் சுற்று. 'அடேங்கப்பா'ங்கறீங்களா? 2021-ல ஐஃபிக்ஸிட்ங்கிற அமெரிக்க ரிப்பேர் கம்பெனி, கால் ஆஃப் டூட்டி ஆட்டத்தை வெச்சுக் கணக்குப் போட்டுச்சு. 417 மணி நேரத்துல அந்த ஆயுள் முடிஞ்சிடலாமாம். தினம் 2 மணி நேரம் ஆடினா ஏழே மாசம்! நின்டென்டோ ஸ்விட்ச்சுக்கும் இதே தலைவலி. 2020-ல அதோட தலைவர் ஃபுருகாவா மன்னிப்பே கேட்டார்.

மருந்து இல்லையா? இருக்கே! 1879-ல எட்வின் ஹால் கண்டுபிடிச்ச ஹால் எஃபெக்ட். குச்சியில ஒரு காந்தம், கீழே ஒரு சென்சார். ரெண்டும் தொட்டுக்கறதே இல்லை, அதனால அந்த இடத்துல தேய்மானமும் இல்லை. சேகா கம்பெனி 1998-லயே ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்ல இதை வெச்சிருச்சு. அவ்வளவு தூரம் ஏன்? 2008-ல நம்ம கோயமுத்தூர்ல ஆம்பியர் எலெக்ட்ரிக் வண்டிக் கம்பெனி தொடங்குச்சே, அந்த மாதிரி வண்டிங்களோட ஆக்ஸிலரேட்டர்ல வழக்கமா இருக்கறதும் ஹால் சென்சார்தான். வண்டி தானா ஓடினா ஆபத்து, சரி. ஹீரோ தானா ஓடினா பரவாயில்லையா பாஸ்?

2023-ல சோனி விட்ட டூயல்சென்ஸ் எட்ஜ்ல குச்சியை மட்டும் கழட்டி மாத்தலாம். ஆனா அமெரிக்காவுல வந்தப்போ விலை சாதா கன்ட்ரோலரைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு!

ட்ரிஃப்ட் வந்துடுச்சா? முதல்ல செட்டிங்ஸ்ல 'டெட் ஜோன்' இருந்தா கூட்டிப் பாருங்க. வாரன்டி இருந்தா ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீங்க. இல்லைன்னா குச்சி மாட்யூலை மட்டும் மாத்தலாம். மொத்தம் 14 சால்டரிங் புள்ளி, பொறுமை முக்கியம். ஹால் மாட்யூலா போட்டா, முடிச்சதும் காலிபரேஷன் பண்ணணும்.

புதுசா வாங்கறீங்களா? கலர், லைட், வைப்ரேஷன் எல்லாம் அப்புறம். 'குச்சிக்கு அடியில என்னங்கண்ணா இருக்கு?'ன்னு கடைக்காரர்கிட்ட முதல்ல கேளுங்க. எல்லாரும் கேட்க ஆரம்பிச்சா, கம்பெனிக்காரங்களும் மாத்தித்தானே ஆகணும்!