மண்தொட்டியில் ஒரு எருக்குழி

கீரைத்தண்டையும் வாழைப்பூ மடலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு வாசலில் வைத்துவிட்டால் நம் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். பை போய்ச் சேருகிற இடத்தில்தான் கவலையே ஆரம்பம்! காற்றுப் புகாமல் அழுகும் குப்பையிலிருந்து மீதேன் வாயு கிளம்புகிறது. சுலபமாகத் தீப்பற்றக் கூடியது அது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு எரிந்தபோது, அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்தாம்.

அதே கீரைத்தண்டு காற்றுப்பட மக்கினால் எரு. தோட்டம் வேண்டாம், மாடிவீட்டுத் தாழ்வாரமே போதும். பக்கமெல்லாம் துளையிட்ட மண்தொட்டி ஒன்றின் அடியில் தேங்காய் நாரைப் பரப்புங்கள். அன்றாடம் சேரும் காய்கறித் தோல், காப்பிச் சக்கை எல்லாவற்றையும் அதில் போட்டு, அதே அளவு காய்ந்த சருகால் மூடுங்கள். வாரம் இருமுறை கிளறவேண்டும்.

"வீடே நாறுமே!" என்பார் மாமியார். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் இரண்டு பிடி சருகு போட்டுக் கிளறினால் அடங்கிவிடும். மிஞ்சிய குழம்பு, எண்ணெய்ப் பலகாரம், மீன்முள் மட்டும் கூடாது. எலிக்கு நம் விலாசத்தை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை!

இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்போல் மணக்கும். சலித்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுங்கள். சல்லடையில் நின்ற சக்கை தொட்டிக்கே திரும்பட்டும்.