நீங்கள் காட்டிய படமே உங்களுக்கு எதிர்சாட்சி

‘பிரீமியம் ரஷ்’ படத்தைக் காட்டி, டெலிவரி பையன்களுக்குச் சங்கமும் வேண்டாம், நலவாரியமும் வேண்டாம் என்று நண்பர் ஒருவர் வாதாடுகிறார். வேகம் அவர்கள் விரும்பி ஏற்ற வாழ்க்கையாம். அந்தச் சுதந்திரத்தில் சட்டம் தலையிடக் கூடாதாம். துரத்தல் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்.

2012-இல் டேவிட் கெப் இயக்கிய படம் அது. மன்ஹாட்டனில் பிரேக் இல்லாத சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வைலி, சட்டம் படித்தவன். ஆபீஸில் உட்காரப் பிடிக்காமல் தெருவுக்கு வந்தவன், நினைத்தால் திரும்பிப் போகலாம். குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்கு வந்து பார்சல் தூக்கும் டிப்ளமோ பையன் எங்கே திரும்பிப் போவான்? என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் முடித்தும் நிரந்தர வேலை கிடைக்காத பிள்ளைகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பைக் தவணையும் பெட்ரோலும் அவன் தலையில். இதை விருப்பம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அந்த வைலியும் சும்மா உயிரைப் பணயம் வைக்கவில்லை. ஆபத்து புரிந்ததும், கொண்டுசேர்க்க வாங்கிய உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஒரு தாய் தன் பிள்ளையைச் சீனாவிலிருந்து வரவழைக்கச் சேர்த்த பணம் அதில் அடங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மறுபடி பெடலை மிதிக்கிறான். இங்கே பையன் விரைவது ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்காக.

2022 மார்ச்சில் சொமேட்டோ 10 நிமிட டெலிவரியை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், தாமதமானால் அபராதம் கிடையாது என்று விளக்கம் சொன்னார்கள். அபராதம் எதற்கு? ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி வைத்தாலே போதும், பையன் தானாக முறுக்குவான். ராத்திரி எட்டு மணிக்குக் கடை வாசலில் நின்று பாருங்கள். கடைக்காரர் பொட்டலம் கட்டத் தாமதிக்கிறார், வாடிக்கையாளர் போனில் கத்துகிறார். இழந்த நேரத்தை அவன் வடலூர் நாலுமுனைச் சந்திப்பில், கார்த்திகை மழையில், லாரிகளுக்கு நடுவே பிடித்தாக வேண்டும். தெருவை மறித்து, ஸ்டன்ட் ஆட்களை வைத்து எடுத்த அந்தப் படத்திலேயே கதாநாயகன் ஜோசப் கார்டன் லெவிட் டாக்சியின் பின்கண்ணாடியில் மோதிக் கையில் 31 தையல் போட்டுக்கொண்டார். ரத்தம் வழிய அவர் நிற்பதைப் படத்தின் முடிவில் காட்டுகிறார்கள். நண்பர் அதற்குள் எழுந்து போய்விட்டார் போலும்.

எல்லாவற்றையும் விட, படம் எப்படி முடிகிறது? தனி ஆளாக ஓட்டியே வைலி தப்பித்துவிட்டானா? அந்த உறைக்காகத் துரத்திவந்த கெட்ட போலீஸ்காரன் அவனை மடக்கும்போது, தகவல் கேட்டு ஊரிலுள்ள சைக்கிள்காரர்கள் திரண்டு வந்து அந்த ஆளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கூட்டாளிகள் ஒன்றுசேர்ந்ததால் பிழைத்தவனைக் காட்டி, கூட்டாளிகள் ஒன்றுசேரக் கூடாது என்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் டெலிவரி பையன்களுக்கென நலவாரியம் 2023 டிசம்பரில்தான் வந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வர 2025 நவம்பர் ஆனது. நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்கள் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்கிறது அது. அதுவும் தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். இந்தக் காசைக் கொடுத்தால் தொழில் படுத்துவிடும் என்று அழுகிறவர், கை ஒடிந்து வீட்டில் கிடக்கும் பையனின் பைக் தவணையை அந்த மாதம் யார் கட்டுவது என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.