கையில பட்டை கட்டிக்கிட்டு கரீபியன் போறவங்களுக்கு...

போன வாரம் ஆம்பூர்லேர்ந்து நம்ம பாய் போன் பண்ணினார். ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசர். 25-வது கல்யாண நாள் வருதாம்.

"சார், ஏலகிரி பார்த்துப் பார்த்து சலிச்சுப் போச்சு. இந்த வாட்டி கரீபியன். ஏஜெண்ட் ஏழு ராத்திரிக்கு பாக்கேஜ் குடுத்திருக்கார். கையில ஒரு பட்டை கட்டி விட்டுருவாங்களாம். சாப்பாடு, ஜூஸ், பீச், எல்லாம் உள்ளேயே. கேட்டைத் தாண்டவே வேணாம்!"

கேட்டைத் தாண்டவே வேணாமாம். அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு.

ஏன்னா இதே பாய்தான் வருசா வருசம் என்கிட்ட புலம்புறவர். ஐரோப்பாலேர்ந்து பையர் வருவான் (அதாங்க, ஷூ ஆர்டர் குடுக்கிறவன்). மீனம்பாக்கத்துல இறங்கி ஏசி கார்ல நேரா கம்பெனி. சாம்பிள் ரூம், தையல் லைன், மத்தியானம் பிரியாணியும் கத்திரிக்காயும். 'வெரி நைஸ் பிளேஸ்'னு சொல்லிட்டு சாயங்காலமே கார் ஏறிடுவான். பாலாறு எங்கேன்னு கேட்ட ஒருத்தனைக் கூட பாய் பார்த்ததில்லையாம்.

அந்தப் பாலாறு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஆறுங்க. 1996 ஆகஸ்ட் 28-ல வந்த வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தீர்ப்பை சட்டம் படிக்கிற பசங்க எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க. கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு அழுத்திச் சொன்ன தீர்ப்பு. அதுக்கப்புறம் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் வந்துச்சு, இல்லேங்கலை. ஆனா 2025 ஜனவரி 30-லயும் அதே கோர்ட் அதே தோல் பதனிடற தொழிலையும் அதே நஷ்டஈட்டையும் பத்தித்தான் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்துச்சு. 28 வருசம்!

இதையெல்லாம் கண்ணால பார்க்காமப் போற பையரைத் திட்டின அதே வாய் இப்ப சொல்லுது, கேட்டைத் தாண்ட வேணாம்னு.

"பாய், நீங்களும் பையர் ஆயிட்டீங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, நீங்களே ஒரு தீவு சொல்லுங்க"ன்னார், கடுப்பா.

குவாதலூப் சொன்னேன்.

பிரான்சுக்குச் சொந்தமான தீவு. பீச் வேணுமா? கோசியே, செயின்ட் ஆன் பக்கம் போட்டோல பார்க்கிற மாதிரியே இருக்கு. ஆனா தீவோட இன்னொரு பாதியில காப்பெஸ்தேர்னு ஒரு ஊர். அங்க ஷாங்கின்னு ஒரு கோயில், நம்மூர் மாதிரியே பொம்மை வச்சுக் கட்டினது. யாரு கட்டினா? 1854 டிசம்பர் 24-ல 'ஒரேலி'ங்கிற கப்பல் முதல் கூலிகளை அங்க கொண்டு போய் இறக்குச்சு. 1889 வரைக்கும் சுமார் 42,000 பேர். பாண்டிச்சேரி, காரைக்கால்ல கப்பல் ஏறின தமிழ் சனம் நிறைய. கரும்பு வெட்ட. அவங்க வம்சம்தான் இன்னிக்கும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுது. நாகூர் மீரானையும்! கடல்ல கப்பலைக் காப்பாத்தினவர்னு நம்பிக்கை. இதைச் சொன்னதும் பாய் குரலே மாறிடுச்சு. "நாகூர் ஆண்டவரா? அங்கயா?"

அதே காப்பெஸ்தேர்ல பிறந்தவர்தான் ஹென்றி சிதம்பரம். 1904-ல எங்க ஆளுங்களுக்கும் ஓட்டு வேணும்னு ஆரம்பிச்சு, பிரெஞ்சுக் குடியுரிமை 1923-ல கிடைக்கிற வரைக்கும் விடலை. கேட்டுக்குள்ளேயே படுத்திருந்தா இவர் பேரு காதுல விழுமா?

இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பக்கம் பூரா வாழைத்தோட்டம். 1972-லேர்ந்து 1993 வரைக்கும் குளோர்டெகோன்னு ஒரு பூச்சி மருந்து அடிச்சாங்க. பிரான்ஸ்ல 1990-லயே தடை, தீவுக்கு மட்டும் மூணு வருசம் சலுகை! மண்ணுல கலந்துடுச்சு, தண்ணியில கலந்துடுச்சு. பெரியவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல ரத்தத்துல இருக்கு. கேஸ் போட்டாங்க. 2023 ஜனவரில பாரிஸ் நீதிபதிகள் மேல நடத்த வழியில்லைன்னு மூடிட்டாங்க. ரொம்ப நாளாச்சாம். வாணியம்பாடிக்காரனுக்கு இதைப் புரிய வைக்க மொழிபெயர்ப்பாளர் தேவையா சொல்லுங்க?

'ஏன்யா, காசு குடுத்து ரெஸ்ட் எடுக்கப் போறவனை சோகப்பாட்டு கேக்கச் சொல்றே'ன்னு சில பேர் பின்னூட்டத்துல வருவீங்க. தெரியும் :-) நியாயமான கேள்விதான். ஆறு நாள் கடல்ல ஊறுங்க, யார் வேணாம்னா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வண்டி எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. அங்க 'கொலம்போ'ன்னு மசாலா போட்டு ஆட்டுக்கறி செய்வாங்க. பேருக்கு ஆயிரம் விளக்கம் சொல்றாங்க, என் காதுக்கு குழம்புன்னுதான் கேக்குது. ஆம்பூர்க்காரன் சாப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பு சொல்லட்டும்.

இந்தப் பதிவை எழுதுற வரைக்கும் பாய் ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் குடுக்கலை. வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னிருக்கார்.

டிஸ்கி: குவாதலூப்புக்கு வெறும் ஷெங்கன் ஸ்டிக்கர் செல்லாது, கடல் கடந்த பிரதேசம்னு தனியா எழுதி வாங்கணும். இதுக்குப் பயந்து, விசா இல்லாமப் போகலாம்னு டிரினிடாட் பக்கம் திரும்பினா, மஞ்சள் காய்ச்சல் ஊசியை கிளம்புறதுக்கு பத்து நாள் முன்னாடியே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டுக்குங்க. சர்டிபிகேட் இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்லயே தனியா உக்கார வச்சுடுவாங்க. ஜூன்லேர்ந்து நவம்பர் வரை புயல் சீசன், அதையும் பார்த்து டிக்கெட் போடுங்க.