கிண்டில் வாங்குமுன் அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?



பார்வையில்லாத நம் மாணவன் ஒருவனுக்கு 'கிண்டில்' வாங்கிக் கொடுக்கப் பழைய மாணவர்கள் காசு சேர்ப்பதாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாகச் செய்தி ஓடுகிறது. கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் சகோதரர்கள் தாராளமாக அனுப்புகிறார்கள். அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் வாங்கப்போகும் சாமான் சரியில்லை. மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்த பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

கிண்டிலின் பெருமையே அதன் திரைதான். கண் கூசாது, வெயிலிலும் எழுத்துத் தெரியும். அந்தப் பெருமை முழுவதும் கண் தெரிகிறவருக்கு. மங்கலாகப் பார்வை உள்ள பிள்ளை என்றால் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க உதவும், அதை மறுக்கவில்லை. நம் மாணவனுக்கோ வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். புதிய கிண்டில்களில் 'வாய்ஸ்வியூ' என்று வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதற்கு புளூடூத் ஹெட்போன் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் குரல் தமிழ் வாசிக்காது. 2016 டிசம்பரிலிருந்து அமேசான் கிண்டிலுக்குத் தமிழ்ப் புத்தகங்கள் விற்கிறது. விற்பது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 2009இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூல்களைக் கிண்டில் டீஎக்ஸ் கருவியில் கொடுத்துப் பார்க்கப் புறப்பட்டது. பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குப் போட்டன. காரணம் இதுதான்: அந்தக் கருவி புத்தகத்தை வாசிக்கும், ஆனால் புத்தகத்தைத் தேடித் திறக்கும் மெனு பேசாது. பக்கத்தில் ஒருவர் இருந்து திறந்து கொடுத்தால்தான் உண்டு. 2010 ஜனவரியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஒரு கருவியைச் சோதிக்க இந்தக் கேள்வி போதும். கருவியை அவன் தனியே திறப்பானா? நேற்று விட்ட இடத்துக்குப் போவானா? மூன்றாம் அத்தியாயத்துக்குத் தாவுவானா? உம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தால் அது அவனுக்கான கருவி இல்லை.

போன வாரம் அவனோடு இருந்து பேசினேன். அவனிடம் ஏற்கனவே ஒரு பழைய அன்ட்ராய்ட் போன் இருக்கிறது. திரை உடைந்தது. உடைந்த திரை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது வேறு விஷயம்! அதில் 'டோக்பேக்' போட்டு, கூகுளின் தமிழ்க் குரலில், நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் வட்ஸ்அப் கேட்கிறான். இரண்டும் இலவசம். புத்தகம் வாசிக்க 'ஈசிரீடர்' போன்ற செயலிகளும் இலவசம். கணினியில் 'என்விடிஏ' இலவசம். ஆக, தமிழில் வாசிக்கும் கருவி அவன் கையிலேயே இருக்கிறது. அதில் வாசிக்கப் பாடம்தான் இல்லை.

இனிச் சொல்வது ஆசிரியர்களான எங்களுக்கு. பலர் கையால் எழுதிய நோட்ஸைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறோம். டோக்பேக்குக்கு அது வெறும் படம். அவனுக்குக் கேட்பது படம் வந்திருக்கிறது என்ற தகவல் மட்டும். டைப் செய்பவர்களும் பாமினியில் செய்கிறார்கள். பாமினி நம் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். சந்தேகம் இருந்தால் உங்கள் பிடிஎப்பிலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யுனிகோட். ஆங்கிலக் குப்பையாக வந்தால் அதைத்தான் அந்தப் பிள்ளை கேட்கிறான். நூலகம் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கில் ஈழத்து நூல்கள் கிடக்கின்றன, பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். மதுரைத் திட்ட நூல்களோ யுனிகோட் எழுத்தில் இருப்பதால் அப்படியே வாசிக்கும். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு அவனுக்குச் சிலப்பதிகாரம் மட்டும் போதாதே.

பதிப்புரிமை என்று யாராவது கமெண்டில் வருவார்கள். பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்ற வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் வந்தது. இலங்கை 2016இல் அதில் இணைந்துவிட்டது.

காசு மிஞ்சுமே, என்ன செய்வது? என் கருத்து பிரெய்ல். கேட்டு மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் வராது. 'நகரம்', 'அனுபவம்' இரண்டையும் காதால் மட்டும் கேட்டால் எதில் ந, எதில் ன என்று எப்படித் தெரியும்? நம் வாயில் ல, ள, ழ படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். விரலால் தடவி வாசித்தவனுக்குத்தான் அது பதியும். புள்ளிகள் எழுந்து விழும் பிரெய்ல் கருவிகள் இருக்கின்றன. ஓர்பிட் ரீடர் 20 அவற்றில் விலை குறைந்த வகை, ஒரே தடவையில் 20 எழுத்துக்கட்டம். அதுவும் சும்மா வருவதில்லை. வாங்குமுன் அவனுக்குப் பிரெய்ல் எவ்வளவு தெரியும், தமிழ்ப் பிரெய்ல் அதில் ஒழுங்காக வருகிறதா என்று அவன் கையில் கொடுத்தே பார்க்க வேண்டும்.

சீனி வருத்தத்தில் பார்வை போன வயதான வாப்பாக்களின் கதை வேறு. தொடுதிரையோடு மல்லுக்கட்ட அவர்களுக்குப் பொறுமை இல்லை. தடித்த பட்டன் உள்ள சின்னப் பிளேயரில் கிராஅத்தும் பயானும் ஏற்றிக் கொடுத்தால் சந்தோஷமாகக் கேட்பார்கள். இரண்டு தேவையையும் ஒன்றாகப் போட்டு ஒரே சாமானை வாங்காதீர்கள்.

காசு சேர்க்கும் தம்பிமாரே, ஓடரை நிறுத்தி வையுங்கள். அவனுக்கு ஒரு நல்ல போனும், காதை முழுக்க அடைக்காத ஹெட்போனும் போதும். தரம் 10 வரலாற்று நூலின் முதல் அத்தியாயத்தை யுனிகோடில் டைப் செய்ய நான் ஆரம்பித்துவிட்டேன், தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்து, படங்களுக்கு இரண்டு வரி விளக்கத்தோடு. இஸ்லாம் பாடத்தை ஒரு மௌலவி எடுத்தால் நல்லது. தமிழ்க் குரலுக்கு அரபு வாசகம் சரிவராது, ஆயத்துகளை அவர் ஓதிப் பதிந்து தரலாம். விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் ஆள் வேண்டும். வீட்டிலிருக்கும் டீச்சர்மாரும் உயர்தரம் முடித்த பிள்ளைகளும் எந்த அத்தியாயம் என்று கீழே பெயரோடு போடுங்கள், இரண்டு பேர் ஒன்றையே டைப் செய்ய வேண்டாம்.