முதிய ஆட்டக்காரரை அமர்த்தல் தகுமா?

ஒப்பந்தம் முடிந்து எக்கழகத்தையும் சாராதிருக்கும் முதிய ஆட்டக்காரர் ஒருவரை நம் நகரக் கால்பந்துக் கழகம் அமர்த்திக்கொள்ளலாமா என்னும் வினா நம் மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. மயிலாப்பூரினின்றும் அடையாற்றினின்றும் பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கிற்குச் செல்லும் இளைஞர் வழியெல்லாம் இதனை வாதிப்பர். புகழ்பெற்றவர் வரின் கூட்டமும் வெற்றியும் கூடவே வரும் என்பர் ஒரு சாரார். கால் தளர்ந்தவருக்குப் பொருள் கொடுத்தல் வீண் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் வயதொன்றையே அளவுகோலாகக் கொள்வது பொருந்தாதென்பது நம் கருத்து.

சென்னையின் எஃப்.சி. கழகத்தின் வரலாற்றையே நோக்குவோம். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014 ஆம் ஆண்டில், இத்தாலியரான மாடெராட்சி 41 வயதில் அதற்குப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் விளங்கினார். 2006 இல் அவருடன் உலகக் கோப்பையை வென்ற நெஸ்டா, ஓய்வு பெற்ற பின்னரும் 38 வயதில் வந்து சேர்ந்தார். 33 வயதினரான பிரேசில் நாட்டு எலானோ 8 கோல்கள் அடித்து அவ்வாண்டு யாவரினும் முந்தினார். எனினும், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற அக்கழகம் அரையிறுதியில் கேரள அணியிடம் தோற்றது. அடுத்த ஆண்டு கோப்பை கிடைத்தபோது 13 கோல்கள் அடித்தவரோ, 23 வயதினரான கொலம்பிய நாட்டு மெண்டோசா.

2016 இல் லிவர்பூல் கழகத்தில் முன்னர்ப் புகழ்பெற்ற நார்வே நாட்டு ரீசா 36 வயதில் வந்தார். எட்டு அணிகளுள் நம் அணி ஏழாமிடமே பெற்றது. முதியோரை மறுப்பார்க்கு இதுவே சான்றெனத் தோன்றும். ஆயினும், ரீசா தம் வாழ்நாளிற் பெரிதும் ஆடிய இடப்புறக் காவலில் நின்ற மிசோரம் இளைஞர் ஜெர்ரி, 18 வயதில் அப்பருவத்தின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் என்னும் பரிசைப் பெற்றார். அது முதியவர் ஒருவராலேயே விளைந்ததென்று நாம் துணிந்து கூறோம். ஆனால் அத்தகையார் அருகிருக்கப் பழகுதல் எளிதிற் கிட்டும் பேறன்று. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை 3–2 என வென்று மீண்டும் கோப்பையைக் கைக்கொண்ட அணியில், 36 வயதினரான ஸ்பெயின் நாட்டுக் கால்டெரானும், இளைஞர் ஜெர்ரியும், வியாசர்பாடித் தனபால் கணேஷும் ஒருங்கே இருந்தனர்.

ஒப்பந்தமற்றவரை அமர்த்த வேறு கழகத்திற்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை என்பது உண்மையே. ஆனால் களத்தில் ஓர் இடத்திற்கும் விலையுண்டு. 2014 இல் ஒரே வேளையில் 6 அயல்நாட்டார் ஆடலாம். 2021 முதல் 4 பேரே ஆடலாமென விதி குறுகிற்று. இடம் அருகுந்தோறும் தவறான தெரிவினால் வரும் இழப்பு பெருகும்.

ஆதலின் நாம் கூறுவது இதுவே. முதியவரை ஒரு பருவத்திற்கு மட்டும் அமர்த்துக. முழங்காலை மருத்துவர் ஆராய்ந்த பின்னரே கையொப்பமிடுக. அவருடைய இடத்திலேயே ஆடும் உள்நாட்டு இளைஞர் ஒருவரை அவரிடம் ஒப்புவித்து, அவ்விளைஞர் களத்தில் நிற்கும் நிமிடங்களைக் கழகம் கணக்கிட்டு வருக. எலியாவின் சால்வை எலிசாவுக்கு வாய்த்தது, அவன் இறுதிவரை உடன் நடந்தமையாலன்றோ? இந்நிபந்தனைகளை ஏலாது, சுவரொட்டியில் அச்சிடுதற்கு ஒரு பெயரே வேண்டுமெனின், அப்பொருளை நம் நகரத்துச் சிறுவர்க்கு நல்ல ஆடுகளமும் காலணியும் அளிப்பதற்குச் செலவிடுதலே அறிவுடைமையாகும்.