ரூம் டெம்பரேச்சர் என்றொரு பொய்

அமெரிக்காவில் வீட்டிலேயே பேல் ஏல் காய்ச்சும் நம்மாட்களோடு எனக்குத் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. என்ன ஹாப்ஸ், எத்தனையாவது நிமிடத்தில் போட்டாய் என்று கேட்டால் இரவு முழுக்கப் பேசுவார்கள். கேஸ்கேடா சிட்ராவா என்பதில் நட்பே முறியும். எந்தச் சூட்டில் நொதிக்க விட்டாய் என்றால் மட்டும் ஒரே பதில்: "ரூம் டெம்பரேச்சர்தான் பாஸ்."

எந்த ரூம்? ஜூலையில் ஏசி இல்லாத அபார்ட்மென்ட்டா, ஜனவரியில் கராஜா? இட்லி மாவுக்கு மார்கழியில் ஓரிடம், சித்திரையில் ஓரிடம் பார்க்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இப்படிச் சொல்வதுதான் எரிச்சல்.

சுவர்த் தெர்மாமீட்டர் அறையை அளக்கிறது, பீரை அல்ல. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பத்தைக் கக்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் வாளியின் உள்ளே அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கலாம். அறை 22 என்றால் பீர் 26. சர்வர் சூடாகிறது என்றால் ஆபீஸில் யாராவது ஏசி ரீடிங்கைக் காட்டுவோமா? ப்ராசஸர் என்ன சொல்கிறது என்றுதானே பார்ப்போம்? எல்லாரும் வாங்கும் அந்த அமெரிக்க ஏல் ஈஸ்ட், 18-20 டிகிரியில் ஹாப்ஸை முன்னே விட்டுத் தான் ஒதுங்கி நிற்கும். சூடு ஏறினால் ஃபியூசல் ஆல்கஹால்: தின்னர் நெடி, தொண்டையில் எரிச்சல்.

நஷ்டம் புதிதாக வருகிறவருக்குத்தான். முதல் பேட்ச் இப்படி வந்தால் ரெசிப்பியை மாற்றுவார், மால்ட்டை மாற்றுவார், கடைசியில் நமக்குக் கை வராது என்று சாமானையெல்லாம் விற்றுவிடுவார். அவரிடம் அந்த ஒற்றை எண்ணை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சார்லி பபாசியனின் 1984 புத்தகம் பதறாதே என்று சொல்லித்தான் ஒரு தலைமுறையைக் காய்ச்ச வைத்தது. 1978-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டு பீருக்கு மத்திய அரசின் அனுமதியே வந்தது. அந்தத் தைரியம் அப்போது தேவைப்பட்டது. பதறாதே என்பதை அளக்காதே என்று மாற்றிக்கொண்டது நம் சோம்பேறித்தனம்.

எதிர்த் தரப்பு இன்னும் மோசம். தனி ஃபிரிட்ஜ், கண்ட்ரோலர் இல்லாமல் தொடாதே என்பார்கள். வேண்டாம் சார். தண்ணீர் நிறைந்த தொட்டியில் வாளியை இறக்கி, பழைய டீ-ஷர்ட்டை நனைத்துப் போர்த்தி, ஃபேனைத் திருப்பி விடுங்கள். மண்பானை செய்கிற அதே வேலை. உறைந்த தண்ணீர் பாட்டில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வாளியில் ஒட்டும் தெர்மாமீட்டர் போதும். முதல் மூன்று நாள் 19-ஐத் தாண்ட விடாதீர்கள். வேகம் அடங்கியதும் 21-க்கு ஏறட்டும். வெண்ணெய் வாடை தரும் டயாசிட்டைலை ஈஸ்ட் தானே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஃபியூசலை அப்படி இழுக்காது. முதல் மூன்று நாளுக்காக நான் கத்துவது அதனால்தான்.

"நார்வேக்காரன் 40 டிகிரியில் போடுறானே?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். போடுகிறான், க்வைக் ஈஸ்ட்டை வைத்து. வோஸ் பக்கத்துப் பண்ணைகளில் தலைமுறைகளாக அந்தச் சூட்டிலேயே வளர்ந்தது அது. கோடையில் குளிர்விக்க வழியில்லை என்றால் அதையே வாங்குங்கள், எனக்கு மகிழ்ச்சி. 26 டிகிரி ஹாலில் சாதா ஏல் ஈஸ்ட்டைக் கொட்டிவிட்டு நார்வேயைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.