காசு கொடுக்க முன் பென்டிரைவைப் போட்டுப் பாருங்கள்



2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்காகக் கடன்பட்டுப் புது லெப்டொப் வாங்கத் தேவையில்லை. காசில்லை என்று களவு வின்டோஸ் போட்டுக்கொண்டு வகுப்பில் அமானிதம் படிப்பிக்கவும் எங்களால் ஏலாது. லினக்ஸ் இலவசம், ஹலால்.

ஆனால் எல்லா மெஷினும் அதற்கு ஒத்துவராது. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ வாங்கினாலும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பாவித்த திங்க்பேட், டெல் லட்டிடியூட் போன்ற அலுவலக ரகங்களைத் தேடுங்கள். வைஃபை சிப் இன்டெலா என்று கேளுங்கள்; புரோட்கொம் என்றால் டிரைவருக்கு அலைய நேரலாம்.

உபுண்டு ஏற்றிய பென்டிரைவைக் கொண்டுபோய், இன்ஸ்டோல் பண்ணாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், கெமரா வேலை செய்கிறதா? மூடித் திறந்தால் விழிக்கிறதா? பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. தமிழில் வினாத்தாள் அடிப்பது நிற்காது.